பாடம் வீட்டுக்கு வரும், நோயாளி வரமாட்டார்

அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்துச் சீட்டும் எழுதும் உயர்நிலை நர்ஸ்) ஆவதற்கு இப்போது சோபாவை விட்டு எழ வேண்டியதில்லை. 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் டாக்டர் ஹென்றி சில்வரும் தொடங்கிவைத்த படிப்பு, இன்று மடிக்கணினிக்குள் அடங்கிவிட்டது. மருந்தியல் வகுப்பை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டலாம். பேராசிரியர் மூச்சுவிடும் நேரமெல்லாம் நமக்கு மிச்சம்.

சிக்கல் நேரடிப் பயிற்சியில்தான். 2022-ல் வந்த தேசியத் தரவிதிகள் குறைந்தது 750 மணி நேரம் நோயாளிகளைப் பார்க்கச் சொல்கின்றன. (நோயாளியை வேகமாக ஓட்டும் வசதி இன்னும் வரவில்லை.) பக்கத்தில் நின்று கற்றுத்தரும் ஆளை யார் தேடுவது? பல கல்லூரிகளின் பதில்: நீங்களேதான். ஆகவே மாணவர்கள் வேலைக்கும் போய்க்கொண்டு, பெண்ணுக்கு வரன் தேடும் அப்பாவைப் போலக் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குகிறார்கள். தரகர்களும் முளைத்துவிட்டார்கள், பணம் கட்டினால் பொருத்தம் பார்த்துத் தருவார்கள். ஜாதகத்துக்குப் பதில் தடுப்பூசிச் சான்றிதழ்.

சரி, தேறிவிட்டால்? அது மாநிலத்தைப் பொறுத்தது. அரிசோனாவில் தனியாகவே கிளினிக் திறக்கலாம். டெக்சாஸிலோ மருந்துச் சீட்டு எழுத ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும். அந்தக் கையெழுத்துக்குச் சில டாக்டர்கள் மாதக் கட்டணம் வாங்குகிறார்கள், ஆன்லைனிலேயே.