20 வண்டிக்குத்தானுங்க இடம்

பாறைக்குழிக்குள் ஜீப்பை இறக்கி ஏற்றுவதெல்லாம் ஒரு பெரிய வேலையே இல்லை. 20 வண்டிக்கு மேல் இடமில்லை என்று ஞாயிற்றுக்கிழமை நாலு பேரிடம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை அதே நாலு பேரை வைத்து ஷிப்மென்ட் அனுப்புவதுதான் திருப்பூரில் ஆஃப்ரோடு. வருஷா வருஷம் இந்த மேட்டில் ஏறுகிற ஒரு ரக மனிதர் பல்லடம் ரோட்டிலும் உண்டு, காங்கேயம் ரோட்டிலும் உண்டு.

வாரத்தில் ஆறு நாள் இந்த அண்ணன் பனியன் கம்பெனி முதலாளி. அவிநாசி ரோட்டு நெரிசலில் காரின் கண்ணாடி உரசினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஏழாம் நாள் பழைய எம்.எம். 540 ஜீப்பை எடுத்துக்கொண்டு மனிதர் வேண்டுமென்றே பள்ளம் தேடுவார். வருஷத்துக்கொரு ஞாயிறு மற்ற வண்டிக்காரர்களையும் கூட்டி ஆஃப்ரோடு நடத்துவார். இதில் காசு பார்ப்பதில்லை, டீசல்கூடக் கைக்காசுதான். சனிக்கிழமை கூலி போட்டு முடிந்ததும் செக்கிங் டேபிளைத் துடைத்து அதன்மேல் வழி வரைவார். வழி காட்ட ரிப்பன் வாங்கும் பழக்கமில்லை. நிறம் சரியில்லை என்று பையர் திருப்பிய ஆர்டரில் மிஞ்சிய ஆரஞ்சு ரிப் துண்டுகளைக் கிளுவை வேலியில் முடிந்துவிடுவார். ஐரோப்பாவில் விலை போகாத ஆரஞ்சு, முத்தூர்ப் பக்கம் அரை மைலுக்குத் தெரியும்.

இடம் பிடிப்பதிலும் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. "அமராவதிக் காட்டுக்குப் போலாங்ணா, யானை பாக்கலாம்" என்பான் ஒருவன். அது ஆனைமலை புலிகள் காப்பகம். முதலில் யானை நம்மைப் பார்க்கும், அப்புறம் வனத்துறை பார்க்கும். கொரங்காட்டில் ஓட்டலாம் என்றால், காங்கேயம் மாடு மேய்கிற கொழுக்கட்டைப் புல்லை டயரால் உழ எந்தத் தோட்டத்துக்காரர் விடுவார்? கடைசியில் தெரிந்தவரின் பட்டா நிலத்தில் கைவிட்ட பாறைக்குழியும் அதை ஒட்டிய ஓடையும்தான் கதி.

அதென்ன 20? சேற்றில் ஒரு வண்டி உட்கார்ந்தால் டயர்க் காற்றை இறக்கி, ஃபோர் வீல் லோ போட்டு, அதற்கும் அசையாமல் ஸ்ட்ராப் மாட்டி இழுக்கிறவரை பின்னால் மொத்த வரிசையும் நிற்கும். பம்பரில் மாட்டக்கூடாது, சேஸிஸ் கொக்கியில்தான் மாட்டவேண்டும். இழுக்கும்போது பக்கத்தில் ஆள் நிற்கக்கூடாது. கொக்கி தெறித்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆறு தொண்டர்கள். அதில் இரண்டு பேர் பிரியாணிக்கு வந்தவர்கள்.

ஜிப்சியும் பழைய ஜீப்பும் மட்டும் வந்த காலத்தில் 20 என்பது ஆசைதான். 12 சேர்ந்தால் அதிகம். 2020 அக்டோபர் 2-ல் புது தார் விற்பனைக்கு வந்தது, அண்ணனின் நிம்மதி போனது. 2023 ஜனவரியில் பின்சக்கரத்துக்கு மட்டும் விசை போகிற தாரையும் மஹிந்திரா இறக்கியபிறகு தூக்கமும் போனது.

"அண்ணா, பையன் தார் எடுத்துருக்கறான். ஒரு எடம் போட்டுருங்."

"ஃபோர் வீலுங்களா?"

"நாலு வீலும் இருக்குதுங்ணா!"

பேசுகிறவர் சாயப்பட்டறைக்காரர். 2011-ல் ஐகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர் அண்ணன். செவ்வாய்க்கிழமை வரவேண்டிய துணி வெள்ளிக்கிழமை வந்தால் கப்பல் காத்திருக்காது என்பது அவருக்கு மனப்பாடம். இடம் போட்டார், 21. ஜாப் ஒர்க் செய்கிறவருக்கு 22. பேங்க் மேனேஜரின் மைத்துனருக்கு இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஷிப்மென்டுக்கு வாங்கும் பேக்கிங் கிரெடிட் ஞாபகம் வந்தது.

ஞாயிறு வந்தது. முதல் சேற்றிலேயே உட்கார்ந்தது சாயப்பட்டறைக்காரர் பையனின் தார்தான். நாள் முழுக்க அண்ணன் தன் ஜீப்பை ஒரு மேட்டிலும் ஏற்றவில்லை. வின்ச்சோடு ஓரமாக நின்று அடுத்தவர்களை இழுத்துக்கொண்டிருந்தார்.

மேடு பள்ளத்தைப்பற்றி யாரும் குறை சொல்லவில்லை. குறையெல்லாம் இனாமாகக் கொடுத்த டி-ஷர்ட்டில்தான். வேறு ஊராயிருந்தால் மாட்டிக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். இங்கே வாங்கின கையோடு விரலிடுக்கில் துணியைத் தேய்ப்பார்கள்.

"நூத்தியறுவது ஜிஎஸ்எம்முங்களா?"

"நூத்தியெம்பதுங்க."

"வாய்ப்பில்லீங்ணா. காம்பாக்டிங்கும் பத்தல. ரெண்டு தொவைப்புல சைடு தையல் முன்னால வந்துரும்."

சேறு காயாத கையோடு ஐந்து பேர் கூடி உள்பக்கம் திருப்பி ஓவர்லாக் தையலை ஆராய்ந்தார்கள். ஒருவர் விலை கேட்டார். தன்னிடம் போட்டிருந்தால் பீஸுக்கு நாலு ரூபாய் குறைந்திருக்கும் என்றார் இன்னொருவர்.

சாயங்காலம் தட்டுமுட்டுகளைச் சேர்த்துக் கட்டியபடி அண்ணன் அறிவித்தார்: அடுத்த வருஷம் 15 வண்டிதான், கண்டிப்பு. பக்கத்தில் பிரியாணிக் குண்டாவைக் கழுவிக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்தார்.

"செரிங் மாமா. நம்முளுது மூணு போக, மீதி பன்னண்டுங்களா?"