மிதியடி மகாத்மியம்

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். வருடாந்தரக் கூட்டத்தில் "அடுத்த செக்ரட்டரி யார்?" என்று கேட்ட அதே நொடியில் எனக்குத் தும்மல் வந்தது. கர்சீஃப் எடுத்த கையைத் தூக்கினேன். கைதட்டினார்கள். அப்படித்தான் நான் பொதுவாழ்வுக்கு வந்தேன்.

பதவியேற்றது ஐப்பசி மாதம். சென்னை மழை. எனக்கு முன்னால் இருந்தவர் பழைய மொசைக் தரையின் மேல் மரம் மாதிரியே தெரியும் வினைல் ஷீட்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். கனம் 2 மில்லிமீட்டர். ஈரக்கால் பட்டால் விலாங்கு மீன். கேட்டிலிருந்து லிஃப்ட் வரை ஆளுக்கொரு நடனம் ஆடிக்கொண்டு போனார்கள்.

வாசலில் சுவருக்குச் சுவர் தேங்காய் நார் மிதியடி போடுவது என்று முடிவெடுத்தேன். "ஆலப்புழை சரக்கு சார்," என்றார் கடைக்காரர். "17 மில்லிமீட்டர். கால் நல்லாப் புதைஞ்சாத்தான் சேறு உதிரும். நீளமாப் போடுங்க, ஒவ்வொரு காலும் ரெண்டு தடவையாவது மிதிக்கணும்." அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த இடத்து வினைலை வெட்டி எடுத்துவிட்டு, நீளமாகவே வாங்கிப் போட்டேன். சேறு நின்றது. பதினேழில் இரண்டு போனால் பதினைந்து என்ற கணக்கை மட்டும் நான் போட்டுப் பார்க்கவில்லை.

லிஃப்ட் பக்கம் மிதியடி முடிந்து வினைல் தொடங்கும் இடத்தில் 15 மில்லிமீட்டர் மேடு. உள்ளேயிருந்து வெளியே வருகிறவர்கள் எல்லோரும் அதில் இடித்துக்கொண்டார்கள். தடுக்குகிற மனிதரை நான் ஒரு வாரம் கூர்ந்து கவனித்தேன். முதலில் இரண்டடி ஓடுகிறார். பிறகு நிற்கிறார். பிறகு திரும்பி, சொந்தக்காரன் காலை வாரிவிட்டது போல, தரையைப் பார்க்கிறார். கடைசியாக என் வீட்டுக் கதவைப் பார்க்கிறார். காலி கேனோடு வெளியே போன தண்ணீர்க்காரர் ஒருநாள் இடித்துக்கொண்டார். அவர் வாசல் பக்கம் ஓட, கேன் மட்டும் எதிர்த்திசையில் உருண்டு, திறந்திருந்த லிஃப்டுக்குள் ஏறி நின்றது. மேலே யாரோ பட்டனை அழுத்தியிருக்க வேண்டும், மூன்றாவது மாடிக்கே போய்விட்டது.

நாலாவது மாடியில் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். "சார், நடக்கிறப்போ கட்டைவிரல் தரையைவிட்டு எவ்வளவு எழும்பும்னு நினைக்கிறீங்க?" என்றார்.

"ஒரு மூணு அங்குலம்?"

"கால் வேகமா முன்னால வீசுற நேரத்துல ஒண்ணுலேர்ந்து ஒண்ணரை சென்டிமீட்டர்தான். நீங்க அளவெடுத்துத் தைச்ச மாதிரி 15 மில்லிமீட்டர் வெச்சிருக்கீங்க."

எங்கள் தாத்தா வீட்டு வாசற்படி அரையடி உயரம். அதில் ஒருவரும் தடுக்கி நான் பார்த்ததில்லை. தெரிகிற எதிரிக்குக் கால் தானாக உயர்கிறது. இந்த அரை அங்குலக்காரன்தான் ஆளைக் கவிழ்க்கிறான்.

முதலில் மஞ்சள் கறுப்புப் பட்டை ஒட்டினேன். குழந்தைகள் அதைப் பாண்டிக் கோடாக்கிக் குதித்தார்கள். பிறகு "பார்த்துச் செல்லவும்" என்று சுவரில் போர்டு மாட்டினேன். நின்று படிக்க யாருக்கு நேரம்? போர்டைப் பார்த்துக்கொண்டே போய் விழுந்தார்கள். பிறகு ஹார்டுவேர் கடையில் அலுமினியச் சரிவு பீடிங் வாங்கினேன். கடையில் இருந்தது 8 மில்லிமீட்டர் மேட்டுக்கானது. "கொஞ்சம் அட்ஜஸ்ட் ஆயிடும் சார்." ஆனது. மூன்றாம் நாள் ஸ்க்ரூ தலை தூக்கியது. அதில் இரண்டு செருப்பு வார், ஒரு புடவை ஓரம். புடவைக்கு உரியவர் மெயின்டனன்ஸில் கழித்துக்கொண்டார்.

அவசரக் கூட்டம் போட்டோம். மிதியடியைப் பள்ளத்தில் இறக்குவதா, வினைலை மேலே ஏற்றுவதா? குடியிருப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. முறையாகப் பார்த்தால் பள்ளம்தான் சரி. கட்டும்போதே விட்டிருக்க வேண்டும். மேஸ்திரி வந்து மொசைக்கைத் தட்டிப் பார்த்தார். "இதுக்குக் கீழ சம்ப் ஸ்லாப் ஓடுது. நான் கொத்த மாட்டேன். கொத்துறவன் நீந்தத் தெரிஞ்சவனா இருக்கட்டும்." பள்ளக் கட்சி அத்துடன் கலைந்தது.

இன்ஜினியர் பேப்பரை எடுத்தார். அமெரிக்காவில் விதி இருக்கிறதாம். 6 மில்லிமீட்டர் மேடு வரை அப்படியே விடலாம். 13 வரை ஓரத்தைச் சீவிச் சரித்தால் போதும். அதற்கு மேல் போனால் ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு. ஆக, 15 மில்லிமீட்டருக்கு 180 மில்லிமீட்டர். ஒரு சாண் கூட இல்லை! இந்த ஒரு சாணுக்காகவா நான் ஒரு மாதம் கதவைத் திறக்காமல் இருந்தேன்?

மேஸ்திரி வினைலை வாழையிலை மாதிரிச் சுருட்டிப் பின்னால் வைத்தார். சாதா சிமென்ட் மெல்லிய நுனியில் பொரிந்துவிடும் என்று ஏதோ பவுடர் கலந்து, மணியாஸ் கட்டையால் இழுத்து இழுத்து, நுனியைக் காகிதமாக்கினார். காய்ந்தபின் வினைலைத் திரும்ப ஒட்டினார். மிதியடியின் வெட்டு ஓரத்தில் நார் உதிராமல் பசை தடவினார். மேட்டில் ஒரு கோலிக்குண்டை வைத்தார். அது யோசித்து யோசித்து லிஃப்ட் பக்கம் உருண்டது. "போதுமா சார்?"

அதன்பின் ஒருவரும் தடுக்கவில்லை. ஆனால் பழகிய கால்கள் மறக்கவில்லை. அந்த இடம் வந்ததும் 24 வீட்டுக்காரர்களும் சாரட்டுக் குதிரை போல முழங்காலைத் தூக்கி ஓரடி வைத்துவிட்டுத்தான் போகிறார்கள், நானும்தான்.

போன தை மாதம் இரண்டாவது மாடிக்குக் குடிவந்த பெண் ஒரு வாரம் இதைப் பார்த்திருக்கிறார். ஒருநாள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காலைத் தூக்கி அந்த இடத்தைத் தாண்டி வந்து, தணிந்த குரலில் கேட்டார்:

"அங்கிள், அங்க கீழ என்ன சாமி இருக்கு?"