பானையும் பத்து வாட்டும்

ஹை-ஃபை என்பது பதிவான ஒலியைக் கூட்டாமலும் குறைக்காமலும் உள்ளபடியே திருப்பித் தரும் விசுவாசத்தைக் குறிக்கும் சொல். ஆயினும் அந்த விசுவாசத்திற்கு என்ன விலை தகும் என்பதில் கடைக்காரரும் வாங்குபவரும், வாங்குபவரும் அவர் வீட்டாரும் இதுவரை ஒத்துப்போனதாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இதற்குக் கிடைத்த மிக மலிவான விடை மண்பானையே ஆகும். டேப் ரெக்கார்டர் கோலோச்சிய காலத்தில், காந்தப் பகுதி உள்ளே தொங்கக் கூம்பு மேலே பார்த்திருக்குமாறு ஸ்பீக்கரைப் பானையின் வாயில் பொருத்தி, ஊரே கேட்கப் பாட்டு வைத்தவர்கள் பலர். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்பக்கக் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்பக்கக் காற்றை இழுப்பதால், இரு புறமும் எழும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இந்த அழிவு தாழ்ந்த ஒலிகளிலேயே கடுமையாக இருப்பதால், பெட்டியில்லாத ஸ்பீக்கரில் தவிலும் தகர டப்பாவாகவே கேட்கும். பின்பக்க அலையைப் பானை தன் வயிற்றுக்குள் அடக்கிக்கொள்ளவே, 'பேஸ்' எனப்படும் அடிநாதம் பிழைத்தது. அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் பல வடிவ ஸ்பீக்கர் பெட்டிகளை ஒப்பிட்டு, ஒலி மிகச் சீராக எழுவது உருண்டை வடிவத்திலேயே என்று 1951-இல் காட்டினார். குயவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

பானைக்கு ஒரு குறையும் உண்டு. அதற்கென்று ஓர் ஒத்ததிர்வு, அதாவது அது தானாகவே உரக்க எதிரொலிக்கும் ஒரு சுரம், இருப்பதால், எந்த ராகத்தில் எந்தப் பாட்டு ஓடினாலும் பானை தன் சுரத்தையே பிடித்துக்கொண்டு, சுருதி சேராத ஒத்துக்காரரைப் போல இடையிடையே தலைநீட்டும். பழைய தலையணையின் பஞ்சை உள்ளே திணித்தால் இது பெரிதும் அடங்கும். தலையணைக்கு உரியவர் அடங்குவது வேறு விஷயம்.

பானை தராத ஏமாற்றத்தை ஆம்ப்ளிஃபையரின் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண் தந்தது. ஆம்ப்ளிஃபையரின் திறனைக் குறிக்கும் வாட் அளவில் ஆர்.எம்.எஸ். என்பது தொடர்ந்து தரக்கூடியது, பி.எம்.பி.ஓ. என்பதோ கண்ணிமைப்பொழுதில் எட்டக்கூடும் என்று நம்பப்படும் உச்சம், அதை அளக்கப் பொதுவான விதி ஏதும் கிடையாது. முன்னது கையில் வாங்கும் சம்பளம். பின்னது பெண் பார்க்க வந்த இடத்தில் தரகர் சொல்லும் சம்பளம். இத்தனைக்கும், திறனை இரட்டித்தாலும் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு திறன் வேண்டும் என்பதால், சராசரி வரவேற்பறைக்கு நல்ல பத்து வாட் போதும், அண்டை வீட்டாருக்கு அதுவே அதிகம்.

1978-இல் எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்த என்.ஏ.டி. 3020 ஆம்ப்ளிஃபையர், சேனலுக்கு 20 வாட் என்று அடக்கமாக அறிவித்துக்கொண்டே, விலை கூடிய கருவிகளைச் சங்கடப்படுத்தியது. பின்னர் டிரைபாத் நிறுவனத்தின் சில்லுடன் வந்த சோனிக் இம்பேக்ட் டி-ஆம்ப், நாற்பது டாலருக்கும் குறைந்த விலையில், எட்டுப் பென்சில் பேட்டரியில் ஓடும் பொம்மைப் பெட்டியாகத் தோற்றமளித்தும் இசைப்பித்தர்களை மயக்கியது. அந்தத் தோற்றத்தைச் சகிக்க இயலாத சிலர், கருவியைவிட விலை கூடிய மரப்பெட்டி செய்து அதற்குள் குடிவைத்தனர்.

மலிவு ஹை-ஃபையின் உண்மையான செலவு இங்கேதான் தொடங்குகிறது. விலை உயர்ந்ததை வாங்கியவர் பணம் தீர்ந்ததால் ஓய்கிறார். மலிவானதை வாங்கியவருக்கோ மீதம் இருந்துகொண்டே இருக்கிறது. இதை எழுதுபவரின் அலமாரியில், 'கொடுத்த காசுக்கு மேல்' என்று தனித்தனியே நிறுவப்பட்ட நான்கு சிறு ஆம்ப்ளிஃபையர்கள், சென்னை ரிச்சி தெருவிலிருந்து வெவ்வேறு மாதங்களில் வந்து சேர்ந்தவை, அமர்ந்துள்ளன. அவற்றின் விலையைக் கூட்டும் பணியை இல்லத்தரசியார் முன்பே முடித்துவிட்டபடியால் அது இங்கே மீண்டும் தேவையில்லை.

அந்த நான்கும் தராத தெளிவு, சுவர்மூலை தாழ்ந்த ஒலிகளை ஊதிப் பெருக்கும் என்பதை நினைவுகொண்டு ஸ்பீக்கர்களை இரண்டடி முன்னே நகர்த்தியபோது, காசு செலவின்றிக் கிடைத்தது. மறுநாள் காலை வீடு பெருக்கப்பட்டபோது அவை மூலைக்கே திரும்பிவிட்டன.