தெரு சுற்றிய முறுக்கு நாழி

பொருள்களைக் குறைத்தால் மனசு லேசாகும் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். ஜப்பானின் மரியே கோண்டோ எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு உலகமெங்கும் ஜனங்கள் அலமாரியை ஒழிக்கிறார்கள். எனக்கோ கும்பகோணத்தில் நாங்கள் குடியிருந்த வீடுதான் கண்ணில் வருகிறது. கூடத்தில் ஒரு பெஞ்சு, மூலையில் சுருட்டி நிறுத்திய பாய்கள், சுவரோரம் அப்பாவின் டிரங்குப் பெட்டி, குறுக்கே கட்டிய கொடியில் எல்லாருடைய துணியும். ஒழிக்க வேண்டுமென்று நினைத்தாலும் அங்கே எதை ஒழிப்பது?

அந்த வீட்டில் முறுக்கு நாழி கிடையாது. தெருவுக்கே நல்லதாக ஒன்றுதான் இருந்தது, கனத்த பித்தளையில், கைப்பிடி இரண்டும் தேய்ந்து வழவழவென்று. தீபாவளி நெருங்கினால் அது வீடு வீடாகப் புறப்பட்டுவிடும். ஒரு வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்குவதற்குள் அடுத்த வீட்டுப் பையன் வாசலில் வந்து நிற்பான். “டேய், தேன்குழல் வில்லை உள்ளேயே இருக்கு, தொலைச்சுடாதே” என்று அத்தை அதை நீட்டும்போது உள்ளே மாவு கொஞ்சம் ஒட்டியிருக்கும், சூடுகூட முழுதாக ஆறியிருக்காது. எந்த வீட்டில் உப்பு கூடியது, எந்த வீட்டில் மாவு பதம் தப்பி முறுக்கு எண்ணெயில் வெடித்தது என்ற செய்தியும் நாழியோடு கூடவே போகும். உரியவர் வீட்டுக்குத் திரும்பும்போது அது வெறுமனே போகாது, ஒரு தட்டு முறுக்கோடுதான் போகும். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு ஏணியோ, வடை சுட ஒரு பெரிய வாணலியோ, கல்யாணத்துக்குக் கல்யாணம் இடம் மாறும் ஜமக்காளமோ இருந்திருக்கும்.

ரேடியோ வைத்திருந்தால் வருஷா வருஷம் தபாலாபீசில் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டியிருந்த காலம் அது. ஆனால் ஒரு வீட்டுத் திண்ணையில் இலங்கை வானொலி பாடினால் தெருவே கேட்டது, யாரும் தனியாகக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள், வண்டி வந்த அன்று அதற்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு சுற்று பின்னால் உட்கார்ந்து போய்வந்தோம். 1991-இல் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு கடைகள் நிரம்பின, காத்திருப்பு போயிற்று, காத்திருந்து கிடைத்ததன் ருசியும் கூடவே போயிற்று.

இத்தனையும் சொல்லும்போதே அம்மாவின் கை ஞாபகம் வருகிறது. மிளகாய் அரைத்த எரிச்சல் இரவு வரை அடங்காமல், தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தூங்குவாள். மறுநாள் இட்லிக்கு ஆட்டுக்கல்லில் மாவு ஆட்ட உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு பொழுது ஆகும். குறைவாக இருந்த பொருளின் பாரம் முழுவதையும் சுமந்தவள் அவள். 2011-இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது வெட்டிச் செலவென்று சிலர் பேசினார்கள். அம்மியில் அரைத்த கையை அருகிலிருந்து பார்த்தவன் அப்படிப் பேசமாட்டான். வேண்டாமென்று தூக்கிக் கொடுப்பது, நாளைக்கே மறுபடி வாங்க முடிகிறவர்களுக்குக் கிடைத்த சௌகரியம், இல்லாமை வேறு.

ஆகவே, குறைவாக வைத்திருந்ததால் சந்தோஷமாக இருந்தோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரவல் கேட்க ஒரு வாசல் இருந்தது, கேட்டவரும் கொடுத்தவரும் அதைக் குறைவாக நினைக்கவில்லை. அந்தச் சந்தோஷம்தான் எனக்கு இன்றும் வேண்டியிருக்கிறது. இப்போது எங்கள் அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அலுமினிய ஏணி, வருஷத்தில் ஒரு நாள் ஒட்டடை அடிக்க. போன மாதம் எதிர்வீட்டுப் பெண் தயங்கித் தயங்கி வந்து இட்லிக் கொப்பரை கேட்டாள். நாள் முழுதும் எனக்கு மனசு நிறைந்திருந்தது.

இந்தப் போகிக்குப் பரணைக் காலி செய்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறோம். கிரைண்டரை மட்டும் தொடக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது.