தொண்ணூற்றொரு சதவீத ஆசை

லண்டனின் மோர்டனில் தொலைநோக்கி வாங்கி வைத்திருக்கும் அண்ணைமாருக்கு வானம் செய்யும் சதி பெரிது. 2026 ஆகஸ்ட் 12 மாலை ஸ்பெயினுக்கு முழுச் சூரிய கிரகணம். மோர்டனுக்குச் சுமார் 91 சதவீதம். பரீட்சை என்றால் பால்சோறு பொங்கியிருக்கலாம். கிரகணத்தில் அது ஃபெயில்தான். மிச்சம் ஒன்பது சதவீதச் சூரியன், தன்னைச் சுற்றியுள்ள ஒளிவளையமான கரோனாவைக் காட்டாது. தொலைநோக்கியின் சூரிய வடிகட்டியைக் கழற்றினாலோ கேமராவின் சென்சார் கருகும். அதுவும் ஏழேகால் மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து பத்துப் பாகை உயரத்தில். துல்லியமாக ஃபோகஸ் ஆவது பக்கத்து வீட்டுப் புகைபோக்கிதான்.

லண்டன் கடைசியாக முழுக் கிரகணம் பார்த்தது 1715இல். அடுத்தது 2151இல், அதற்குள் வீட்டுக் கடனாவது முடிந்துவிடும்.

இத்தனைக்கும் 1871 டிசம்பர் 12 அன்று முழுக் கிரகணம் யாழ்ப்பாணத்து முற்றத்துக்கே இலவசமாக வந்தது. வெள்ளைக்காரர் கப்பலேறிப் போய்ப் படம் பிடித்தார்கள். நம்மவர் பலர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருப்பார்கள்.

“கிரகணத்துக்கை வெளியிலை திரியாதை தம்பி” என்று அம்மா இன்றும் வாட்ஸ்அப்பில் எச்சரிக்கிறார். தம்பியோ, தொலைநோக்கியைக் கைப்பையில் ஸ்பெயினுக்குக் கொண்டுபோகலாமா என்று விமானக் கம்பனியிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.