தலையேந்தியல்: அசுர வர முடக்கம் பற்றிய மேலச்சேரி முடிபு

மந்திரம் செல்லாத வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட டிராகன் நெருப்பைக் கக்குமா, கக்காதா? 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டத்தின் தீராத வழக்கு இது. கக்காது என்றது 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு. அந்த நெருப்பு இயற்கையை மீறியதாம். 2014இன் ஐந்தாம் பதிப்பிலோ தாராளமாகக் கக்கலாம். அது உடம்போடு பிறந்ததாம். இடைப்பட்ட ஆண்டுகளில் டிராகனின் வயிற்றில் மாற்றமொன்றுமில்லை. உரையாசிரியர்தான் மாறியிருக்கிறார்.

செஞ்சி வட்டாரத்தில் இந்த ஐயத்துக்கே இடமில்லை. தொண்டூர்த் திண்ணையில் கேட்டாலும் மேலச்சேரியைத்தான் கை காட்டுவார்கள். திரௌபதி வழிபாட்டின் மூலத்தலமாகச் சொல்லப்படும் ஊர் அது. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் இவ்வழிபாடு பற்றி 1988இல் வெளியிட்ட நூலில் குருக்ஷேத்திரத்துக்குச் செஞ்சியிலிருந்துதான் புறப்படுகிறார். பாதை தெரிந்தவர்.

வழக்கின் பொருள்: நூறு தலை அசுரன். அவன் தலை அறுந்து மண்ணில் விழுந்தால் அறுத்தவர் கதி அதோகதி. (விவரம் பாடுவோருக்குப் பாடுவோர் சற்று மாறும்.) நூறு தலை உடற்கூறு; எந்த மந்திரத் தடையும் அதை ஒன்றும் செய்யாது. மண்ணில் விழுவது பற்றிய நிபந்தனையோ வரம். திரௌபதி அம்மன் எதிர்மந்திரம் எதையும் தேடவில்லை. தலையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் கேட்டாள். அவள் காவலர் போத்துராஜா வந்தார், பிடித்தார், முடிந்தது. ஆக, வரத்தை முடக்குவது அதன் வாசகமே. வேண்டியது ஒரு கை.

அற்றேல், ஜயத்ரதன் தலைக்கும் இதே வரம் இருந்ததே, அங்கே ஏந்தியவர் யார் எனின், அர்ச்சுனன் அதை அம்பாலேயே அனுப்பி, வரம் கொடுத்த தகப்பன் மடியில் போட்டான். அவர் எழுந்தார், தலை உருண்டது, அவர் தலை வெடித்தது. திறமைதான், ஆனால் அம்புச் செலவு அதிகம். வால்மீகியில் அனுமனைக் கட்டிய பிரம்மாஸ்திரம் அதைவிட மலிவாக முடங்கியது: அரக்கர்கள் மேலே சாதாரணக் கயிற்றைச் சுற்றினார்கள், அஸ்திரம் தானே விலகிக்கொண்டது. வாலியின் வரப்படி, எதிரே நிற்பவன் வலிமையில் பாதி போகும். மறைவில் நிற்பவனுக்கு நட்டமில்லை. இராமன் செய்தது அறமா என்று நூற்றாண்டுகளாக வாதாடுகிறோம். விதிநூல் பார்வையில் அவன் நின்ற இடத்தைக் குறை சொல்ல முடியாது.

மேலைநாட்டாரின் அதே ஆட்டத்தில் வரும் 'பிஹோல்டர்' என்ற பல கண் பூதம் பரிதாபத்துக்குரியது. நடுக்கண்ணால் எதிரே எல்லா மந்திரத்தையும் அணைக்கும். அந்தப் பார்வைக்குள் போனால் அதன் மற்றப் பத்துக் கண்களின் கதிர்களும் அணைந்துபோகும். பஸ்மாசுரன் வகையறா.

எஞ்சும் வினா ஒன்று: தலையைப் பிடித்திருக்கும் கைக்கு அதே சுற்றில் வேறு வேலை தரலாமா? கூடாது என்பதே எம் துணிபு. போத்துராஜாவுக்கு ஆயுதத்தை மறு கையில் கொடுத்த சிற்பிகள் விதிநூலை ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள்.