சிக்னல் கிடைத்தால் எச்சரிக்கை

2020 மார்ச் 18: கோவிட் பரவலைத் தடுக்க மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. அடுத்த மாதமே தொற்றைக் கண்காணிக்க அரசின் மைசெஜாத்ரா செயலி. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி உள்ளே வாழும் செமாய் எனும் ஓராங் அஸ்லி (பழங்குடி) மக்களும் பதிவிறக்கியிருக்கலாம்தான். நல்ல கைப்பேசி, டேட்டா, சார்ஜ் போட மின்சாரம், கூடவே சிக்னலும் இருந்திருந்தால். (மழை பிடித்தால் தோட்டத்து லயத்திலேயே போன் பேசாது!)

பகாங்கில் சில ஓராங் அஸ்லி கிராமத்தார் செயலிக்காகக் காத்திருக்கவில்லை. பாதையை மறித்துத் தடுப்புப் போட்டார்கள். சிலர் குடும்பத்தோடு காட்டுக்குள் போய்விட்டார்கள். கொள்ளைநோய் வந்தால் ஒதுங்கிப்போவது அவர்களுடைய பாட்டன் காலத்து வழக்கம். அவர்களுக்குத்தான் நாம் சமூக இடைவெளியைக் கற்பிக்கப் புறப்பட்டோம், இணையத்தில்!

அடுத்த செயலிக்கு டெண்டர் விடுமுன், அதிகாரிகளே, பாத்தின் எனும் ஊர்த்தலைவர்களிடம் ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். செலவும் குறைவு.